பயமும் மௌனமும்: ஓர் ஈஸ்டர் பிரசங்கக் குறிப்பேட்டை முன்வைத்து

பிரசங்கத்தை நாம் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. தமிழ் உரைநடையின் வரலாறு என்று வந்தால் மிஷனரிகளின் அகராதி, அச்சகம், இலக்கணம் என்று வரிசையாகச் சொல்வோம். ஞாயிறுதோறும் பல்லாயிரம் பேர் உட்கார்ந்து கேட்கிற ஒரு வடிவம் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. எனக்கும் பட்டதில்லைதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்யும் ஆயர் ஒருவர், தமது லெந்துகாலக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்து, “தம்பி, நீங்க தமிழ் எம்.ஏ. ஆச்சே, ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க, சின்னப் புத்தகமா போடலாம்னு இருக்கேன்” என்றார். ஒற்றுப்பிழை பார்க்கப் போய் வேறொன்றில் மாட்டிக்கொண்டேன். அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

குறிப்பேடு சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் முடிகிறது. பாதிக்கு மேல் பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நடக்கும் மும்மணி ஆராதனைக்கானது. சிலுவையில் இயேசு பேசியதாகச் சொல்லப்படும் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கங்கள். இந்த ‘ஏழு’ எந்தச் சுவிசேஷத்திலும் கிடையாது. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மாற்குவுக்கும் மத்தேயுவுக்கும் பொதுவாக ஒன்று. நான்கு பிரதிகளை அவிழ்த்து, ஒரே கயிறாகத் திரித்து, வரிசை எண் போட்ட தொகுப்பு அது. மாற்குவின் இயேசு தன்னைக் கடவுள் ஏன் கைவிட்டார் என்று கேட்கிறார், பிறகு ஒரு பெருங்கூச்சல், உயிர் போகிறது. தொகுப்பில் இந்தக் கேள்வி நான்காவது இடத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மூன்று வார்த்தைகள் வந்து கேள்வியைச் சமாதானப்படுத்துகின்றன. கேட்பவர் அமைதியோடு வீட்டுக்குப் போகலாம். கேள்வியை மட்டும் தந்துவிட்டு நிறுத்துகிற பிரதியைப் பிரசங்கம் என்ற வடிவத்தால் தாங்க முடிவதில்லை.

இதே செயல்பாடு ஈஸ்டரன்று இன்னும் தீவிரமாக நடக்கிறது. மாற்குவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் முக்கியமான இரண்டு, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் ஏடுகள். இரண்டுமே பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. மூன்று பெண்கள் கல்லறைக்கு வருகிறார்கள். வழியெல்லாம் அவர்களுடைய கவலை வாசலை அடைத்திருக்கும் பெரிய கல்லைப் பற்றியது. வந்து பார்த்தால் கல் புரண்டு கிடக்கிறது. உள்ளே வெள்ளை உடையில் ஒரு வாலிபன்; சீஷர்களிடம் போய்ச் சொல்லச் சொல்கிறான். அவர்களோ ஓடிப்போகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. பிரதி அவ்வளவுதான். உயிர்த்தெழுந்தவரை யாரும் பார்க்கவில்லை. ஒன்பது முதல் இருபதுவரையான வசனங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பது விவிலிய ஆய்வாளரில் மிகப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட செய்தி. ஃபிராங்க் கெர்மோட் 1979இல் வெளிவந்த தமது நூலில் இந்த முடிவைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். கிரேக்க மூலத்தின் கடைசிச் சொல் ‘கார்’. ‘ஏனெனில்’ என்று பொருள்படும் ஓர் இடைச்சொல். கிரேக்கத்தில் அது வாக்கியத்தின் தொடக்கத்தில் வராது, இரண்டாவதாகத்தான் வரும். அந்தக் கடைசி வாக்கியமே இரண்டு சொல்தான்: பயந்தார்கள், ஏனெனில். காரணம் சொல்லப்போவது போல வாயைத் திறந்து பிரதி நின்றுவிடுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். நம் சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலும் படிக்கப்படும் பழைய திருப்புதலில் இந்த வசனம் புரண்டு விழுந்திருக்கிறது. காரணத்தை முன்னால் சொல்லி வினைமுற்றில் முடிப்பது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. அதனால் பயம் ‘படியினால்’ என்ற உருபை ஏற்றுக்கொண்டு முன்னால் போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் போனது கடைசிக்கு வந்துவிட்டது. கிரேக்க மாற்கு பயத்தில் முடிகிறது, பழைய தமிழ் மாற்கு மௌனத்தில் முடிகிறது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு இதற்கு மாறாக, ‘ஏனெனில்’ போட்டு அச்சத்தைக் கடைசியில் வைக்கிறது. கொஞ்சம் தமிழ்த்தன்மை குறைந்தாலும் மூலத்தின் முனை மழுங்கவில்லை. ஆயரின் மேஜையில் இரண்டு விவிலியங்களும் இருந்தன.

பயம் என்றால் எதைக் கண்டு பயம்? குறிப்பேடு ‘பரிசுத்த பயம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பிரசங்கி அந்தப் பெண்களின் பயத்தை அணங்கில் வைக்கிறார். தேவதூதனைக் கண்ட நடுக்கம் என்கிறார். நான் அதை நான்காவதில் வைப்பேன். தொல்காப்பியத்தின் ‘இறை’ இன்றைய ‘இறைவன்’ அல்ல, அரசன் முதலாக நம்மேல் அதிகாரம் உடையவர். ரோம அரசு பகிரங்கமாகக் கொன்ற ஒருவனுடைய உடல் காணாமல் போயிருக்கிறது. அந்த இடத்தில் நிற்பவர்கள் மூன்று பெண்கள். அவர்களை யார் விசாரிப்பார்கள், என்ன கேட்பார்கள்? அவர்கள் பயந்ததில் அதிசயம் என்ன இருக்கிறது? உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களைப் பவுல் கொரிந்தியருக்குப் பட்டியல் போடும்போது கேபா, பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு என்றெல்லாம் வருகிறது. இந்தப் பெண்களின் பெயர் இல்லை. பயத்தைப் பக்தியாக மாற்றுவதும் பயந்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் ஒரே சொல்லாடலின் இரண்டு பக்கங்கள்.

நான் இதையெல்லாம் சொன்னபோது ஆயர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, ஜனங்க விடியக்காலம் நாலு மணிக்குப் புதுத்துணி உடுத்திட்டு வந்து உட்கார்ந்திருப்பாங்க. பயந்து ஓடிட்டாங்க, அதோட கதை முடிஞ்சுதுன்னு சொல்லச் சொல்றீங்களா?” என்றார்.

“சொன்னா என்னய்யா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. குறிப்பேட்டை வாங்கி ஈஸ்டர் பகுதியைத் திறந்தார். அங்கே பென்சிலால் எழுதி அடித்த ஒரு வாக்கியம் இருந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன், கேட்கவில்லை. கல்லறையின் கல்லைப் புரட்டியவர் நம் கல்லறைத் தோட்டத்தின் வேலியை என்ன செய்வார் என்பது அதன் சாரம். அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பகுதிகள், நடுவில் முள்வேலி. எந்தப் பகுதி யாருக்கு என்று ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இது ஒரு சபையின் கதை அல்ல. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையின் சாதிச் சுவர் பலரும் எழுதிப் பதிவாகியிருக்கிற ஒன்று. விழுப்புரம் பக்கத்து எறையூரில் 2008 மார்ச் 9 அன்று, அதாவது தவக்காலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதை ஒட்டி நடந்த மோதலிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் இரண்டு பேர் செத்தார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஈஸ்டர் வந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்து ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டுக் கட்டிய தியாபிலஸ் அப்பாவு, சேர்ந்து உலை வைத்துச் சேர்ந்து உண்பதையே நற்கருணையின் பொருளாகச் சொன்னார். 2005இல் அவர் இறந்தார். அவருடைய பாட்டைச் சபைகள் பாடுகின்றன. உலைதான் இன்னும் ஒன்றாகவில்லை.

அடித்த வாக்கியத்தைக் காட்டி ஆயர் சொன்னார்: “நீங்க கட்டுரை எழுதிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் திங்கக்கிழமை அதே ஊர்ல ஒரு அடக்கம் எடுக்கணும். பெட்டியை எந்தப் பக்கம் கொண்டு போறதுன்னு அவங்க என் முகத்தைப் பார்ப்பாங்க.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. முடிவில்லாப் பிரதியைக் கொண்டாடுவது சிறுபத்திரிகைக்காரனுக்குச் செலவில்லாத காரியம். இடைவெளி, மௌனம், விளிம்பு என்று நாம் எழுதும்போது யாரும் நம்மை வேறு ஊருக்கு மாற்றிவிடப் போவதில்லை. பிரசங்கம் எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்களுக்கு முன்னால் நிகழ்வது. அதன் கோழைத்தனத்துக்கும் ஒரு விலை உண்டு, தைரியத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடித்த வாக்கியம்தான் அந்தக் குறிப்பேட்டிலேயே மாற்குவுக்கு மிக அருகில் இருந்த வாக்கியம். தமக்கும் பயம்தான் என்று அவர் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்களின் பயத்தை ‘பரிசுத்த’ என்ற அடைமொழி இல்லாமல் அவரால் விளங்கவைக்க முடிந்திருக்கும்.

ஈஸ்டரன்று நானும் போனேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். ஆயர் மாற்கு பதினாறை எடுத்தார். ஒன்றிலிருந்து எட்டுவரை படித்தார். ஒன்பதுக்குப் போகவில்லை, வேதப்புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் படித்தது பழைய திருப்புதல். பயம் வாக்கியத்தின் நடுவிலேயே கரைந்துபோக, ஒருவரும் ஒன்றும் சொல்லாததில் வாசிப்பு முடிந்தது. அதன்பின் பிரசங்கம் அரைமணி நேரம் நடந்தது. வேலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

குறிப்பேட்டில் ஒற்றுப்பிழை அதிகம் இல்லை. அடித்த வாக்கியத்திலும் ஒரு ‘க்’ விடுபட்டிருந்தது. அதையும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.