கட்டடம் எவருடையது, சபை எது? 1904-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துத் திருச்சபைச் சொத்துத் தீர்ப்பு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சமயப்பிரிவு பிளவுபடும்போது அதன் ஆலயங்களும் மனைகளும் நிதியும் எத்தரப்பைச் சேரும் என்னும் வினாவிற்கு, ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபை வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1904-இல் ஒரு விடை அளித்தது. கொடையாளரின் நோக்கத்தைக் காக்க எழுந்த அறக்கட்டளைக் கோட்பாடு, அவ்வழக்கில் நிறுவனரின் நோக்கங்களுள் ஒன்றை ஏற்று மற்றொன்றைப் புறந்தள்ளியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திருச்சபைச் சொத்துரிமை, அறக்கட்டளை, சுதந்திரத் திருச்சபை, சமயத் தன்னாட்சி, பிரபுக்கள் அவை.

முன்னுரை

திருச்சபை என்பது நம்பிக்கையால் இணைந்த மக்கள் கூட்டம். சட்டத்தின் பார்வையில் அது சொத்துடைய அமைப்பும் ஆகும். கூட்டம் ஒன்றாக இருக்கும்வரை இவ்விரு நிலைகளும் முரண்படுவதில்லை. பிளவு நேரும்போதோ, 'உண்மையான சபை எது' என்னும் சமய வினா, 'கட்டடம் எவருடையது' என்னும் உரிமையியல் வினாவாக நீதிமன்றத்தை வந்தடைகிறது.

வழக்கின் பின்புலம்

போதகர்களை நியமிப்பதில் நிலவுடைமையாளர் கொண்டிருந்த உரிமையையும், அதற்குத் துணைநின்ற நீதிமன்றத் தலையீட்டையும் எதிர்த்து, 1843-இல் 470-க்கும் மேற்பட்ட போதகர்கள் ஸ்காட்லாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து வெளியேறினர். ஆலயங்களையும் இல்லங்களையும் ஊதியத்தையும் அவர்கள் துறந்தனர். கொல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தாம் உருவாக்கிய கல்விநிலையக் கட்டடத்தைப் பழைய சபையிடம் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். 1837-இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் நிறுவி, பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் சென்றது. அக்கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர் 1896-இல் அத்திருச்சபையின் பொதுப்பேரவைத் தலைவராக இருந்தார் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

1900-இல் சுதந்திரத் திருச்சபை, ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையுடன் இணைந்து ஐக்கிய சுதந்திரத் திருச்சபை ஆயிற்று. பொதுப்பேரவையில் 643 பேர் இணைப்பை ஆதரித்தனர். 27 பேர் எதிர்த்தனர். எதிர்த்த சிறுபான்மையினர், தாமே பழைய சபையின் தொடர்ச்சி எனவும் சொத்து முழுவதும் தமக்கே உரியது எனவும் வழக்குத் தொடுத்தனர். ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. பிரபுக்கள் அவையோ 1904 ஆகஸ்டு 1 அன்று, ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் சிறுபான்மையினருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் தருக்கம்

ஹால்ஸ்பரி பிரபுவின் வாதம் எளிமையானது. குறிப்பிட்ட கொள்கைகளைப் பின்பற்றும் சபைக்கெனக் கொடுக்கப்பட்ட பொருள், அக்கொள்கைகளுக்கான அறக்கட்டளைச் சொத்து. கொள்கையைக் கைவிட்டவர் எத்தனை பேராயினும் அச்சொத்தின்மீது உரிமை இழப்பர். அரசு சமயத்தை ஆதரிக்கக் கடமைப்பட்டது என்பது 1843-இல் தாமஸ் சால்மர்ஸ் முதலியோர் கைவிடாத கொள்கை. இணைய வந்த மறுதரப்பிலோ அரசுச் சார்பின்மையே மேலோங்கியிருந்தது. எனவே இணைப்பு கொள்கை மீறல் ஆயிற்று. முன்குறித்தல் கோட்பாடு பற்றிய நிலைப்பாடும் தீர்ப்பில் ஆராயப்பட்டது.

இத்தருக்கத்தின் வலிமையை மறுத்தல் இயலாது. எண்ணிக்கை மட்டுமே உரிமையைத் தருமாயின், கொடையாளரின் நம்பிக்கைக்கும் மனச்சான்றின்படி நிற்கும் சிலருக்கும் சட்டத்தில் இடமே இராது.

தருக்கத்தின் குறை

எனினும் 1843-இல் வெளியேறியோர் எதற்காக வெளியேறினர் என்னும் வினா எஞ்சுகிறது. அரசின் ஆதரவு வேண்டும் என்பதற்காக அவர்கள் வெளியேறவில்லை. சபையின் காரியங்களைச் சபையே தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகவே வெளியேறினர். நிறுவனரின் நோக்கமே அளவுகோல் எனில், அவர்கள் விலைகொடுத்துக் காத்த தன்னாட்சியும் அந்நோக்கத்துள் அடங்கும். நீதிமன்றம் முன்னதை அடிப்படைக் கொள்கையாக உயர்த்திப் பின்னதைச் சுருக்கிவிட்டது.

அரசிடமிருந்து விடுதலை என்பது, தன் கொள்கையையே மாற்றும் அதிகாரம் ஆகாது என இதற்கு மறுமொழி கூறலாம். ஆயின் சட்ட மாற்றங்களை வட்டாரக் குருமன்றங்களின் கருத்தறிந்தே இயற்ற வேண்டும் என்னும் 1697-ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருச்சபையின் மரபுரிமையாக இருந்தது. மாற்றத்திற்கு வழிமுறை வகுத்த ஓர் அமைப்பை மாற்றமே அறியாத அமைப்பாகக் கொள்வது பொருந்தாது. மக்நாட்டன், லிண்ட்லி ஆகிய இருவரின் மாறுபட்ட தீர்ப்பும் சபையின் இவ்வாழும் இயல்பையே வலியுறுத்தியது.

விளைவும் தீர்ப்பின் குறையைக் காட்டிற்று. ஆயிரத்திற்கும் மேற்பட்ட சபைகளின் உடைமையைச் சிறுபான்மையினரால் ஆள இயலவில்லை. இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் எல்ஜின் பிரபு தலைமையிலான ஆணையம் இதனை ஆராய்ந்தது. நாடாளுமன்றம் 1905-இல் தனிச்சட்டம் இயற்றிச் சொத்தைப் பங்கிட்டது. சபையாருள் மூன்றில் ஒரு பங்கினராவது சிறுபான்மைத் தரப்பில் நின்ற இடங்களில் ஆலயம் அவர்களுக்கு என்பது பங்கீட்டின் அளவுகோல்களுள் ஒன்று. கொள்கையால் தீர்க்கப்பட்ட வழக்கு, இறுதியில் ஓரளவு எண்ணிக்கையாலேயே நடைமுறைக்கு வந்தது.

மாற்று வழிகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு வழிகளை நாடியது. அடிமைமுறை குறித்துப் பிளவுற்ற லூயிவில் நகரப் பிரஸ்பிட்டேரியன் சபை பற்றிய வாட்சன் எதிர் ஜோன்ஸ் வழக்கில், சபையின் மேல்மன்றம் எடுத்த முடிவை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்றது. இது நீதிபதியை இறையியலிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் மேல்மன்றமே வழிதவறியது என வாதிடும் சிறுபான்மையினருக்கு வாயில் அடைபடுகிறது. 1979-இல் ஜோன்ஸ் எதிர் உல்ஃப் வழக்கில், பத்திரங்களையும் அமைப்புவிதிகளையும் சமயம் சாராச் சட்டக் கண்கொண்டு படிக்கலாம் எனப்பட்டது. அதே ஆண்டு எபிஸ்கோப்பல் திருச்சபை, உள்ளூர்ச் சபைகளின் சொத்து மொத்தத் திருச்சபைக்கான அறக்கட்டளைச் சொத்தே என விதி இயற்றிக்கொண்டது. பத்திரம் நடுநிலையானதாகத் தோன்றினும், அதனை எழுதும் அதிகாரம் பெரும்பாலும் மேல்மன்றத்திடமே உள்ளது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

1904-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் குறை, சிறுபான்மையினரைக் காத்தது அன்று. 'நிறுவனர் எதை நம்பினர்' என்று கேட்ட நீதிமன்றம், 'நம்பிக்கையை மாற்றும் அதிகாரத்தை அவர்கள் எவரிடம் ஒப்படைத்தனர்' என்பதற்கு உரிய இடம் தராததே ஆகும். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தன்னாட்சியை 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டதும் இவ்விடைவெளியை உணர்ந்தே எனலாம். கேரள மலங்கரைத் திருச்சபை வழக்கில் 2017-இல் இந்திய உச்ச நீதிமன்றம், உள்ளூர்ப் பெரும்பான்மையைவிட 1934-ஆம் ஆண்டு அமைப்புவிதிக்கு முதன்மை தந்ததை மதிப்பிடுவோருக்கும் இவ்வினா பயன்படும். சொத்தை எத்தரப்பிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் முன், மாற்றும் அதிகாரம் எங்குள்ளது, அதற்கு எல்லை எது என்பதைச் சட்டம் ஆராய்தல் வேண்டும்.