புகையோடு போகும் பலம்

போடிநாயக்கனூர் அருகே குரங்கணியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொழுக்குமலை. தேயிலைத் தோட்டம் இருக்கும் அந்த உச்சி சுமார் 2,400 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நடந்து ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். சூரியநெல்லிப் பக்கமிருந்து ஏறும் ஜீப்புகளுக்கும் அப்படித்தான். உலகின் அதிவேக ஹைபிரிட் ரேஸ் கார்களும் கிட்டத்தட்ட இதே காற்றில் திணறுவதுண்டு. மெக்சிகோ நகரின் பந்தயத் தடம் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் யார் நன்றாக அமைத்திருக்கிறார்கள் என்பது அங்கே அம்பலமாகிவிடும்.

ஃபார்முலா 1 பந்தயத்தில் 2014-இல் புது விதிகள் வந்தன. 1.6 லிட்டர் வி6 எஞ்சின், ஒரே ஒரு டர்போ, நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் கூடாது. மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் பாயக் கூடாது என்பதுதான் இவற்றில் முக்கியமான விதி. டர்போ தரும் அழுத்தத்துக்கோ வரம்பே இருக்கவில்லை. ஆகவே அளந்து கொடுத்த பெட்ரோலில் யார் அதிக வேலை வாங்குவது என்பதே போட்டியாயிற்று.

போடி மலைத் தோட்டங்களில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு அடுத்த சங்கதி எளிதில் பிடிபடும். அடுப்பின் சூடு இரும்புக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றி, வெப்பத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். ரேஸ் எஞ்சினிலும் எக்ஸாஸ்ட் வாயு ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் வெளியே வருகிறது. அது டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்தத் தண்டோடு எம்ஜியு-எச் என்ற மின் இயந்திரமும் இணைந்திருந்தது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை அதற்கு அனுமதி. புகையில் மிஞ்சும் பலத்தை அது மின்சாரமாக்கியது. டர்போ சோர்ந்தால் அதே மின்சாரத்தால் அதைச் சுழற்றியும் விட்டது.

சிக்கல் குழாயில் தொடங்குகிறது. டர்போ இல்லாத எஞ்சினில் நீளமான, சம அளவுள்ள எக்ஸாஸ்ட் குழாய்கள் நல்லவை. ஒரு சிலிண்டரின் வாயு அலை நேரம் பார்த்துத் திரும்பி வந்து, எரிந்த மிச்சத்தை உறிஞ்சி எடுக்கும். டர்போ வந்துவிட்டால் அந்த நீளமே எதிரி. வழியெல்லாம் சூடு கரைந்து, டர்பைனுக்குப் போய்ச் சேரும் பலம் குறைகிறது. இங்கிலாந்தின் பிரிக்ஸ்வொர்த் ஆலையில் உருவான 2014 மெர்சிடிஸ் எஞ்சின் இதில் துணிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு பக்கத்து மூன்று சிலிண்டர்களின் வாயையும் ஒரே குட்டையான குழாயில் சேர்த்தது. சிலிண்டர் முழுமையாகக் காலியாவதில் கொஞ்சம் நஷ்டம். டர்பைனுக்குச் சூடு லாபம்.

அதைவிடப் பெரிய துணிச்சல் டர்போவையே பிரித்தது. டர்பைன் எஞ்சினுக்குப் பின்னால், கம்ப்ரசர் முன்னால், இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டு வி வடிவின் நடுவே. தீயாய்ச் சுடும் டர்பைனிலிருந்து கம்ப்ரசர் விலகிவிட்டதால் காற்று அவ்வளவாகச் சூடேறாது. அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சிறிதாகும், காரின் உடலும் ஒல்லியாகும். அவ்வளவு வேகத்தில் அவ்வளவு நீளத் தண்டு அதிராமல் சுழல வேண்டுமே, அதில்தான் பிரிக்ஸ்வொர்த்காரர்களின் கைத்திறன் தெரிந்தது. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 16 மெர்சிடிஸுக்கு.

ஃபெராரியும் ரெனோவும் இரண்டையும் பின்னால் சேர்த்தே வைத்தன. 1977-லேயே ஃபார்முலா 1-க்கு டர்போவைக் கொண்டுவந்த ரெனோ தன் மரபிலிருந்து விலக 2022 வரை ஆயிற்று. 2015-இல் திரும்பி வந்த ஹோண்டா இன்னொரு வழியை முயன்றது. இடத்தை மிச்சப்படுத்த, கம்ப்ரசரைச் சிறிதாக்கி வி-யின் பள்ளத்துக்குள்ளேயே ஒளித்தது. போதிய மின்சாரம் சேரவில்லை. நேர்ப்பாதையில் ஹோண்டா எஞ்சின் பூட்டிய மெக்லாரன் கார்கள் பின்தங்கின. 2017-இல் ஹோண்டாவும் பிரித்து வைக்கும் வழிக்கு மாறியது. விமான எஞ்சின் செய்யும் தன் பிரிவினரின் அனுபவத்தையும் கேட்டு வாங்கித் தண்டைச் சீராக்கி, 2021-இல் ரெட்புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனைப் பட்டம் வெல்ல வைத்தது. தோற்ற வடிவத்தை விட்டுவிட அந்த நிறுவனம் தயங்காதது இந்த வரலாற்றிலேயே மதிக்கத்தக்க செயல்.

லெ மான் பந்தயத்தில் போர்ஷே 919 வேறொரு மரபு. நான்கே சிலிண்டர், 2 லிட்டர். கூடுதல் வாயுவை வேஸ்ட்கேட் வழியே வீணாக விடாமல் இரண்டாவது டர்பைன் ஒன்றுக்கு அனுப்பி மின்சாரம் எடுத்தது. 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று வெற்றி.

காற்று நுழையும் பக்கத்தில் 2015-இல் ஒரு சலுகை கிடைத்தது. இன்டேக் குழாயின் நீளம் ஓட்டத்தின்போதே மாறலாம் என்று ஆனது. குறைந்த சுற்றில் நீளம், அதிக சுற்றில் குட்டை. வால்வு திறக்கும் கணத்தில் அழுத்த அலை வாசலில் நிற்கும்.

மெக்சிகோவில் இவை எல்லாம் ஒன்றாகச் சோதனைக்கு வந்தன. மெல்லிய காற்றைத் திரட்ட கம்ப்ரசர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருந்தது. அதற்கே பலம் செலவானதால் மின்சாரத்துக்கு மிஞ்சுவது குறைந்தது. மெர்சிடிஸ் பட்டம் வென்ற 2017, 2018 இரு ஆண்டுகளிலும் அங்கே ஜெயித்தது ரெனோ எஞ்சின் பூட்டிய ரெட்புல். காரின் உடலமைப்புக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எஞ்சின்களுக்கிடையே இருந்த இடைவெளி சுருங்கியது உண்மை.

இந்த எஞ்சின்களின் பந்தயத்தை நம் மண் பார்க்கவில்லை. நொய்டா அருகே 2011 முதல் 2013 வரை நடந்த இந்திய கிராண்ட் பிரீ முழுக்க டர்போ இல்லாத வி8 காலம். கோவையின் நரேன் கார்த்திகேயன் அங்கே ஓட்டியதும் அதே வகை எஞ்சின்தான். இப்போது 2026 விதிகள் எம்ஜியு-எச்-ஐ நீக்கிவிட்டு, எஞ்சினின் கிராங்க் தண்டோடு இணைந்த மின் மோட்டாரின் பலத்தை 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக்கியிருக்கின்றன. செலவைக் குறைக்கச் செய்ததுதான் என்றாலும், புகையைக் கறந்த அந்த அருமையான கருவி போனது இழப்பே. இனி டர்போவைச் சுழற்ற எக்ஸாஸ்ட் வாயு மட்டுமே. குழாய் வடிவம் மறுபடியும் முதல் பாடமாகிறது.

அந்தப் பாடம் தமிழ்நாட்டிலும் நடக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே கார் கட்டி வருகிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அந்தத் துளைக்குப் பின்னால் காற்றறையை எவ்வளவு பெரிதாக வைப்பது, குழாயை எங்கே வளைப்பது என்பதிலேயே மாதங்கள் போகும். போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. டர்போ பொருத்திய பிக்கப் ஒன்றின் இன்டேக்கில் அழுத்தமானியை மாட்டி, போடியிலிருந்து போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்க்கலாம். ஒரே மலைப்பாதையில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஒவ்வொரு வளைவிலும் முள் எங்கே நிற்கிறது, டர்போ எவ்வளவை ஈடுகட்டுகிறது என்று குறித்துக்கொண்டால், வரைபடம் போட அதுவே போதுமான கணக்கு.