அழகிய வரியும் சராசரி எண்ணும்

வாசகர்களே, ஒரு நூலின் தரத்தை அறிய ஒரு வழி உண்டு. அது எளிதில் விடை தரும் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, அதற்குச் சங்கடம் தரும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரில் 1910-இல் தொடங்கப்பட்ட வனப்பொருள் ஆய்வுக்கூடம் வெளியிடும் 'மரக் கையேடு' என்ற நூலை அவ்வாறு சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 1935-இல் முதன்முதலில் வெளிவந்த இந்நூல் பலமுறை திருத்தப்பெற்று, 2021-இல் புதிய பதிப்பாகவும் வந்துள்ளது. மரத்தை ஒரு பொறியியற் பொருளாகக் கருதி அதன் பண்புகளை அட்டவணைகளில் அடுக்கித் தருவது இதன் சிறப்பு. வகுப்பில் விரவலையும் ஈரமானியையும் நடத்தும்போது எடுத்துக்காட்டுகள் தேடித்தான் நான் இதைப் புரட்டத் தொடங்கினேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: வரியோடிய மேப்பிள் மரத்தில் ஒருவர் துப்பாக்கிக் கட்டை செய்ய விரும்பினால், மரத்தைத் தேர்ந்தெடுக்கவும் உலர்த்தவும் இந்நூல் போதுமா?

வரி எங்கிருந்து வருகிறது?

பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர்கள் செய்த நீண்ட துப்பாக்கிகளின் கட்டைகள் பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆனவை. அவற்றுள் சிறந்தவற்றில் புலியின் உடல்போல் குறுக்கு வரிகள் தெரியும். வயலினின் பின்பலகையிலும் இதே வரியைக் காணலாம். இது சாயமன்று, இரு வேறு நிற மரமும் அன்று. மரத்தின் நார்கள் நேராகச் செல்லாமல் அலைபோல் வளைந்து செல்கின்றன. அதை நேராகச் சீவும்போது சில இடங்களில் நார்கள் படுத்தவாறும், சில இடங்களில் வெட்டுண்ட முனைகள் மேலெழுந்தவாறும் அமைகின்றன. படுத்த நார் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெட்டுண்ட முனை ஒளியை உள்ளே விழுங்குகிறது. பலகையைச் சற்றுச் சாய்த்தால் வெளிர்வரி கருவரியாகவும் கருவரி வெளிர்வரியாகவும் மாறும். ஒளி எதிரொளிப்பு விதிக்கு இதைவிட அழகிய செய்முறை வேண்டுமோ?

மேப்பிளில் அலைநார், பறவைக்கண் போன்ற அமைப்புகள் உண்டு என்பதைக் கையேடு தன் அலங்காரப் பண்பு அட்டவணையில் குறிப்பிடுகிறது. இதில் குறையில்லை.

எண்கள் யாருடையவை?

வலிமையைப் பற்றிய பகுதிக்கு வரும்போதுதான் நம் கேள்வி கூர்மையாகிறது. கையேட்டின் வலிமை எண்கள் முடிச்சில்லாத, நேரான நாருடைய சிறு துண்டுகளைச் சோதித்துப் பெற்றவை. இதை நூல் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் நம் கம்மியர் தேடுவதோ நேரான நார் இல்லாத துண்டை! எந்த மரத்தைச் சோதனையிலிருந்து விலக்கி எண்களைப் பெற்றார்களோ, அதே மரத்துக்கு அந்த எண்களைப் பொருத்தினால் விளைவு என்னவாகும்?

விடைக்கு உதவும் ஓர் அட்டவணை நூலிலேயே இருக்கிறது. நாரின் சாய்வு கூடக்கூட வலிமை எவ்வாறு குறைகிறது என்பதை அது காட்டுகிறது. நேரான நாருடைய மரத்தின் வளைவு வலிமையை 100 என்று கொண்டால், 20-க்கு 1 சாய்வில் அது 93. 10-க்கு 1 சாய்வில் 81. 5-க்கு 1 சாய்வில் 55. திடீர் மோதலைத் தாங்கும் வலிமையோ இன்னும் வேகமாகச் சரிந்து, அதே சாய்வுகளில் முறையே 90, 62, 36 ஆகிறது. துப்பாக்கிக் கட்டையில் மிக மெல்லிய பகுதி, கை பற்றும் கழுத்துப் பகுதி. சுடும்போது பின்னுதைப்பும், கீழே விழுந்தால் மோதலும் அங்கேதான் தாக்கும். கட்டையைக் கன்னத்தில் அணைத்துக்கொண்டிருப்பவருக்கு 36 என்பது வெறும் எண்ணன்று.

எனினும் இவ்வட்டவணையை அப்படியே பொருத்துவதும் சரியாகாது. இது ஒரே திசையில் சீராகச் சாயும் நாருக்கு உரியது. அலைநாரோ ஏறி இறங்கி மீண்டும் தன் சராசரித் திசைக்கே வருகிறது. வரியோடிய மேப்பிள் கட்டைகள் இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அருங்காட்சியகங்களில் முழுமையாக நிற்கின்றன. கழுத்தில் முறிந்து பின்னர் செப்பனிடப்பட்டவையும் உள்ளன. ஆகவே தேர்ந்தெடுப்பவர் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அலை எவ்வளவு ஆழமானது என்பது ஒன்று. அலையின் சராசரித் திசை கழுத்தின் வளைவை ஒட்டிச் செல்கிறதா என்பது மற்றொன்று. வரி எவ்வளவு கண்ணைப் பறித்தாலும், இரண்டாவது தவறினால் அத்துண்டை ஒதுக்குவதே அறிவுடைமை. இந்த வேறுபாட்டை வாசகர் தாமே ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. அழகு ஓர் அத்தியாயத்திலும் வலிமை வேறோர் அத்தியாயத்திலும் நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் வேலை வாசகரிடம் விடப்படுகிறது. நூலின் மீது என் முதன்மையான குறை இதுவே.

நாட்காட்டியா, தராசா?

உலர்த்தலில் கையேடு தன் முழு வலிமையைக் காட்டுகிறது. கைவினைஞரிடையே 'ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு' என்ற விதி வழங்குகிறது. இயற்பியல் மாணவருக்கு இது உடனே ஐயத்தைத் தர வேண்டும். நார்களில் ஊறிய நீர் விரவல் முறையில் வெளியேறும்போது, அதற்கான காலம் தடிப்பின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். 1 அங்குலப் பலகையைவிட 2½ அங்குலத் துப்பாக்கிக் கட்டைக்கு இரண்டரை மடங்கன்று, ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் வேண்டியிருக்கலாம். காற்றின் வெப்பம், ஈரம், வேகம் ஆகியவையும் சேரும்போது நாட்காட்டி நமக்கு எதையும் உறுதியாகச் சொல்லாது.

தராசு சொல்லும். மரத்தின் ஈர அளவு என்பது அதிலுள்ள நீரின் எடைக்கும் முற்றும் உலர்ந்த மரத்தின் எடைக்கும் உள்ள விகிதம். பச்சை மேப்பிள் துண்டு ஒன்று 3 கிலோ எடையும் 70 சதவீத ஈர அளவும் உடையது என்று கொள்வோம். உலர்ந்த எடை 3-ஐ 1.7-ஆல் வகுக்க, சுமார் 1.76 கிலோ. 12 சதவீத ஈர அளவுக்கு வரும்போது அது 1.98 கிலோ நிற்க வேண்டும். எடை மாறாமல் நின்றால் மரம் முற்றும் உலர்ந்துவிட்டது என்று பொருளன்று. அந்த அறையின் காற்றோடு சமநிலை அடைந்துவிட்டது என்பதே பொருள். 21° செல்சியஸில் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதமானால் மரம் சுமார் 6 சதவீதத்திலும், 65 ஆனால் 12-இலும், 80 ஆனால் 16-இலும் நிற்கும் என்று கையேட்டின் அட்டவணை கூறுகிறது.

அந்த வேறுபாடு பெரிதா? சர்க்கரை மேப்பிள் பச்சையிலிருந்து முற்றும் உலரும்போது ஆரைத் திசையில் 4.8 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் 9.9 சதவீதமும் சுருங்குகிறது. ஈர அளவு சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இச்சுருக்கம் நிகழ்கிறது. எனவே 12-இலிருந்து 6-க்கு இறங்கும்போது 9.9-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 சதவீதம். 50 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர்! குழலை இம்மியும் இடைவெளியின்றிப் பொருத்திய கம்மியரின் உழைப்பு அந்த ஒரு மில்லிமீட்டரில் வீணாகும்.

மற்றொரு செய்தியும் நூலில் உண்டு. நாரின் நீளத்தில் ஈரம் குறுக்குத் திசையைவிட 10 முதல் 15 மடங்கு விரைவாக நகரும். கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசுவதன் காரணம் இதுதான். இதிலிருந்து நாம் ஒரு படி மேலே செல்லலாம். அலைநார் மரத்தில் வெட்டுண்ட முனைகள் பக்கங்களிலும் திறந்திருக்கின்றன. ஆகவே பக்கமும் ஓரளவு முனைபோல் நடந்துகொள்ளும்; அவசரப்பட்டு உலர்த்தினால் வரிகளின் மேலேயே வெடிப்பு தோன்றலாம். மேற்பரப்பு முந்திச் சுருங்க முயன்று, ஈரமான உட்பகுதி அதைத் தடுக்க, கட்டைக்குள் தகைவு தங்கிவிடுவதும் உண்டு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. குழலுக்குப் பள்ளம் தோண்டியதும் ஒரு பக்கத்துச் சமநிலை போய், கட்டை வில்லாக வளையும்.

ஆக, என் தீர்ப்பு இது. உலர்த்த விரும்புபவருக்கு இந்நூல் நம்பிக்கையான துணை. தேர்ந்தெடுக்க விரும்புபவருக்கோ பாதித் துணைதான். மாணவர்களே, இதில் நமக்கொரு பாடமும் உண்டு. அட்டவணையில் எண்ணைத் தேடுமுன், அந்த எண் எத்தகைய துண்டிலிருந்து பெறப்பட்டது என்ற குறிப்பைப் படியுங்கள். உங்கள் கையில் உள்ள துண்டு அத்தகையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால், எண்ணின் மீது குற்றமில்லை. அதை நம்பிய நம் மீதுதான் குற்றம்.