“வாழ்ந்தனர்” அல்ல, “வாழ்கின்றனர்”: ஓராங் அஸ்லி மக்கள் பற்றிய நம் மாதிரிக் கட்டுரைகள் – ஒரு மதிப்பீடு

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே. முதலில் இந்தப் பத்தியைப் படியுங்கள்.

“நம் நாட்டின் பூர்வக்குடி மக்கள் அடர்ந்த காட்டில் வாழ்ந்தனர். ஊதுகுழாயால் விலங்குகளை வேட்டையாடி உண்டனர். இலை தழைகளை ஆடையாக உடுத்தினர். முகமூடி அணிந்து நடனம் ஆடினர். கல்வியில் ஆர்வமில்லாத இவர்களை முன்னேற்றுவது நம் தலையாய கடமையாகும்.”

எங்கோ படித்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். சொல் கொஞ்சம் மாறி, நம்மிடையே சுற்றும் பயிற்றிகளிலும் மாதிரிக் கட்டுரைகளிலும் இதுதான் வருகிறது. இந்தப் பத்தியை எழுதியவர் யார் என்று தேட வேண்டாம். நான்தான். பல ஆண்டுகள் இதை நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லை, வாக்கியப்பிழை இல்லை என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஒருநாள் வகுப்பில் இதை வாசிக்கச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அப்பா தமிழர், அம்மா மா மெரி இனத்தவர். “டீச்சர், எங்க பாட்டி இன்னும் உயிரோடதான் இருக்காங்க. நேத்துகூட வீடியோ கால்ல பேசுனாங்க” என்றாள். கோபமெல்லாம் இல்லை, ஒரு தகவலைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பத்தியில் அவர்களைப் பற்றிய எல்லா வினைமுற்றும் இறந்தகாலத்தில் இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அந்தப் பத்தியை இங்கே நானே மதிப்பிடுகிறேன். வரிக்கு வரி பார்ப்போம், வாங்க.

1. “பூர்வக்குடி மக்கள்” – யார் அவர்கள்?

என் பத்தியின் முதல் குறை, அதில் ஒரு பெயர்கூட இல்லாதது. ‘ஓராங் அஸ்லி’ என்பது ஓர் இனத்தின் பெயர் அன்று. தீபகற்ப மலேசியாவில் வாழும் 18 இனக்குழுக்களுக்கும் சேர்த்து வழங்கும் பொதுப்பெயர். அரசாங்கம் இவர்களை மூன்று பெரும்பிரிவாக வகுக்கிறது. நெக்ரிட்டோ பிரிவில் கென்சியு, கிந்தாக், லானோ, ஜஹாய், மென்ட்ரிக், பாத்தேக். செனோய் பிரிவில் செமாய், தெமியார், ஜா ஹுட், சே வோங், மா மெரி, செமாக் பெரி. மெலாயு அஸ்லி பிரிவில் தெமுவான், செமலாய், ஜாக்குன், ஓராங் கானாக், ஓராங் கோலா, ஓராங் சிலேத்தார்.

மாணவர்களே, இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சரவாக்கின் ஈபான் மக்களையும் சபாவின் கடசான் மக்களையும் ‘ஓராங் அஸ்லி’ என்று எழுதிவிடுகிறீர்கள். அவர்களும் பூர்வக்குடியினரே; ஆனால் ஓராங் அஸ்லி என்ற பெயர் தீபகற்பத்தில் உள்ளவர்களை மட்டுமே குறிக்கும். வண்ணம் தீட்டக் கொடுக்கும் படங்களிலும் இதே குழப்பம்தான். ஈபான் மக்களின் இறகுத் தலையணியைப் போட்டுக் கீழே ‘ஓராங் அஸ்லி’ என்று எழுதியிருப்பார்கள். மா மெரி பெண்கள் தலையில் அணிவது ஓலையில் முடைந்த அணி. முடைவது எவ்வளவு நுட்பமான வேலை என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும்.

இன்னொன்று. செமாய், தெமியார், மா மெரி முதலிய மொழிகள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்போடியாவின் கெமேர் மொழியும் இந்தியாவின் சந்தாலி, முண்டாரி மொழிகளும் அதே குடும்பம்தான். ‘ஏதோ காட்டுப் பாஷை’ என்று நாம் ஒதுக்குவதற்கு எவ்வளவு பெரிய உறவுக்கூட்டம் இருக்கிறது பாருங்கள்.

2. “அடர்ந்த காட்டில்” – எல்லாருமா?

ஓராங் சிலேத்தார் மக்கள் ஜொகூர் நீரிணையைச் சார்ந்து வாழ்பவர்கள். படகும் அலையாத்திக் காடும் மீனும் நண்டும்தான் அவர்கள் உலகம். சிங்கப்பூர் ஆசிரியர்களுக்குச் சிலேத்தார் என்ற பெயர் புதிதல்ல. விமானத் தளத்தின் பெயராகத் தெரியும், மக்களின் பெயராகத் தெரிந்திருக்காது. மா மெரி மக்கள் சிலாங்கூர்க் கடலோரத்தில் இருக்கிறார்கள். செமலாய் மக்கள் பகாங்கின் பேரா ஏரியைச் சுற்றி வாழ்கிறார்கள். பட்டணத்தில் வேலை பார்க்கும் ஓராங் அஸ்லி தாதியர், ஆசிரியர், காவல்துறையினரும் உண்டு. 2019-இல் கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், ஓராங் அஸ்லி சமூகத்திலிருந்து மக்களவைக்குச் சென்ற முதல் உறுப்பினர். நம் கட்டுரைகளில் இவருக்கு இடமே இல்லை. ஊதுகுழாய்க்கு மட்டும் ஆண்டுதோறும் இடம் உண்டு.

3. “முகமூடி அணிந்து நடனம் ஆடினர்”

என் பத்தியில் எனக்கு மிகவும் உறுத்தும் வரி இதுதான்.

கேரித் தீவின் மா மெரி மக்கள் மரத்தில் செதுக்கும் முகமூடிகள் பலவும் ‘மோயாங்’ எனப்படும் மூதாதை ஆவிகளின் முகங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, கதை உண்டு. ‘ஹரி மோயாங்’ நாளில் முன்னோரை நினைந்து வழிபடுகிறார்கள். ‘ஜோ-ஓ’ ஆட்டம் இந்த நம்பிக்கையோடு சேர்ந்தது. அதேபோல் தெமியார், செமாய் மக்களின் ‘செவாங்’ இரவில் நடக்கும் பாட்டும் ஆட்டமும். பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டித் தாளம் போடுவார்கள். தெமியார் மக்களிடையே, கனவில் ஓர் ஆவி தந்த பாடலைத்தான் பாடகர் பாடுகிறார் என்பது நம்பிக்கை. நோய் தீர்ப்பதற்காகவும் இது நடக்கும்.

இதை ‘பாரம்பரிய நடனம்’ என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிட்டுப் போவது சரியா? மதுரைவீரன் கோயிலில் உடுக்கை ஒலிக்க ஒருவருக்கு அருள் வந்து ஆடுகிறது. அதைப் பார்த்து இன்னொருவர், “தமிழர்கள் உற்சாகமாக நடனமாடினர்” என்று எழுதினால் நாம் என்ன சொல்வோம்? “அது நடனம் இல்லைங்க, சாமி வந்திருக்கு” என்போம் அல்லவா? இதே அளவுகோல் அவர்களுக்கும் வேண்டும்.

கைவினைப் பாடமும் இப்படித்தான். காகிதத் தட்டில் கண், மூக்கு வெட்டி, ‘பூர்வக்குடி முகமூடி’ என்று மாட்டிக்கொண்டு “ஊ ஊ” என்று கத்தவிடுகிறோம். பிள்ளைகளுக்கு ஜாலிதான். ஆனால் வேறொரு பள்ளியில் அட்டைப்பெட்டியில் காவடி செய்து, சிற்றுண்டிச்சாலை நாளில் வேடிக்கைக்குத் தூக்கி ஆடினால் நமக்கு எப்படி இருக்கும்? முகமூடியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு மோயாங்கின் கதையைச் சொல்லுங்கள், பிறகு படத்தைக் காட்டுங்கள். இது ஒரு சமூகத்தின் மூதாதையர் முகம் என்று தெரிந்த பிள்ளை “ஊ ஊ” என்று கத்தாது.

4. “கல்வியில் ஆர்வமில்லாத”

இந்த அடைமொழியை எந்த ஆதாரமும் இல்லாமல்தான் எழுதினேன். ஓராங் அஸ்லி பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழி ஒன்று, பள்ளிமொழி வேறு. உட்புறக் கிராமமென்றால் பள்ளி தூரம். ஏழு, எட்டு வயதிலேயே விடுதி வாழ்க்கை. 2015-இல் கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஏழு ஓராங் அஸ்லி பிள்ளைகள், அனுமதியின்றி ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்குமோ என்று பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். நாற்பது நாட்களுக்கும் மேலாகத் தேடியதில் இருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் ‘ஆர்வமில்லாத’ என்று எழுத எனக்குக் கை வந்தது. ஏனென்றால் செய்தி வேறு, கட்டுரை வேறு என்று பழகியிருந்தேன்.

தாய்மொழிக் கல்வி பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். அதே சட்டம், அதே 15 பேர் கேட்டால் பூர்வக்குடி மொழிகளைக் கற்பிப்பதற்கும் இடம் தருகிறது. ஆனால் ‘நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்’ என்ற நிபந்தனையோடு. நமக்கு அந்த நிபந்தனை இல்லை, அவர்களுக்கு உண்டு. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இந்த ‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லின் எடை தெரியாதா? சில பள்ளிகளில் செமாய் மொழி பாடமாகவே இருக்கிறது. மாணவர் கட்டுரையில் இந்தச் செய்தி வந்தால் அதுவே நல்ல கருத்து.

5. “முன்னேற்றுவது நம் தலையாய கடமை”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரி அவர்களை உதவி பெறுபவர்களாக மட்டும் காட்டுகிறது, உரிமை உள்ளவர்களாகக் காட்டவில்லை.

கே.எல்.ஐ.ஏ. போகும் நெடுஞ்சாலையில் பள்ளிச் சுற்றுலா பேருந்து போயிருக்கும். அந்தச் சாலைக்காக 1995-இல் டிங்கில் வட்டாரம், புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் ஈடு கிடைத்தது; நிலத்துக்குக் கிடைக்கவில்லை. சாகோங் தாசியும் அவர் ஊராரும் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் உயர் நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், வழிவழியாக வாழ்ந்த அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தன. இந்த மக்களையா நாம் ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று எழுதுவது? தோட்டம் துண்டாடப்பட்டபோது வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நம் சமூகத்திலும் ஏராளம். பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. நாம்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஒரு சொல் பற்றி

தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் ‘சக்காய்’ என்கிறார்கள். என் தாத்தாவும் சொல்வார். கெட்ட எண்ணத்தில் அல்ல, பழக்கத்தில். ஓராங் அஸ்லி மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட காலத்தின் வாடை அந்தச் சொல்லில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வரை அப்படி ஆள் பிடிப்பு நடந்தது. செமாய் எழுத்தாளர் அக்கியா அதைப் பற்றி ‘பெராங் சங்கில்’ என்ற மலாய் நாவலை 2007-இல் வெளியிட்டார். மாணவர் கேட்டால் நீட்டி விளக்க வேண்டாம். “‘கெலிங்’னு யாராவது கூப்பிட்டா உனக்கு எப்படி இருக்கும்? அதே மாதிரிதான்” என்று சொல்லுங்கள். போதும்.

திருத்திய பத்தி

இப்போது நான் வகுப்பில் கொடுப்பது இது:

“தீபகற்ப மலேசியாவில் 18 ஓராங் அஸ்லி இனக்குழுக்கள் வாழ்கின்றன. அவர்களுள் மா மெரி மக்கள் சிலாங்கூர்க் கடலோரத்தில் வாழ்கின்றனர். இவர்கள் தம் மூதாதையரின் முகங்களை மரத்தில் செதுக்குகின்றனர். ஹரி மோயாங் நாளில் அவர்களை வழிபடுகின்றனர். நிலமும் மொழியும் காக்கப்பட வேண்டும் என்பது ஓராங் அஸ்லி மக்களின் நெடுநாளைய கோரிக்கை. இக்கோரிக்கையை அறிந்து மதிப்பது நம் கடமை.”

அலங்காரம் குறைவுதான். ஆனால் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, நிகழ்காலம் இருக்கிறது. மாணவர்களே, “தொன்றுதொட்டு”, “தலையாய” முதலிய சொற்களை அடுக்குவதைவிட, சரியான ஒரு பெயரும் ஓர் ஆண்டும் உங்கள் கருத்துக்கு வலுச் சேர்க்கும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில் ‘ஏன்’ என்று கேட்டால், சாகோங் தாசி வழக்கு போன்ற ஒரு சான்றை வைத்துப் பேசுங்கள்.

ஆசிரியர்களுக்கு மூன்று சொல். ஒன்று, பழைய பயிற்றியை எடுத்து வினைமுற்றுகளுக்கு மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். எத்தனை ‘-னர்’ இறந்தகாலம் என்று பிள்ளைகளே எண்ணட்டும். இலக்கணப் பாடமும் ஆயிற்று. இரண்டு, முடிந்தால் கோம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்துக்கோ கேரித் தீவுக்கோ அழைத்துப் போங்கள், போகுமுன் மாணவர்கள் கேள்விகளைத் தயாரிக்கட்டும், “உங்களை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள்?” என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். மூன்று, உங்கள் வகுப்பில் ஓராங் அஸ்லி உறவுள்ள பிள்ளை இருந்தால், “நீ எழுந்து உங்க கலாச்சாரத்தைச் சொல்லு” என்று நிற்க வைக்காதீர்கள். அது அந்தப் பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடும். அவளாகச் சொல்ல வந்தால், காது கொடுங்கள்.

என் மாணவி சொன்னது போல, பாட்டி இன்னும் இருக்காங்க. நம் வினைமுற்றுகளிலும் அவர்கள் இருக்கட்டும்.