ஜிடிபி கண்ணுக்குத் தெரியாத மண்சரிவு

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் எங்க ஊர் திருவண்ணாமலையில், மலையடிவார வ.உ.சி. நகரில் வீடு மண்ணில் புதைந்து 7 பேர் இறந்தார்கள். அந்த வீட்டை ஜிடிபியில் தேடினால் கிடைக்காது.

புயலில் பயிர் போனால், கடை மூடினால் ஜிடிபி குறையும், உண்மைதான். ஆனால் அது அந்தந்த ஆண்டின் உற்பத்தியை மட்டும் கூட்டும் கணக்கு. இடிந்த வீடு பழைய சொத்து, அதைக் கழிக்க மாட்டார்கள். மண் அள்ளும் ஜேசிபி வாடகையும் புது வீட்டு வேலையும் மட்டும் வளர்ச்சியாக ஏறும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஃபைல் அழிஞ்சது லாக்ல இல்ல, ரீஸ்டோர் மட்டும் இருக்கு.

இதோடு எண்ணெய் விலையும் சேருது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் நமக்கு இறக்குமதிதான். 2022-ல் உக்ரைன் போரின்போது பேரல் 100 டாலரைத் தாண்டியது. அப்படி மறுபடி ஏறினால், அதே மண்ணை அள்ளவே அதிகப் பணம் வெளிநாட்டுக்குப் போகும்.

வளர்ச்சி விகிதம் பொய் இல்லை, பாதிக் கணக்கு. அடுத்த முறை அந்த எண்ணைப் பார்த்தால் கேளுங்க: கட்டினது சரி, இழந்தது எவ்வளவு?