மண்ணறிந்து மாட்டும் டயர்

2024-ம் ஆண்டு ஜூலை 29-ம் தேதி, பாரிஸ் நகருக்கு மேற்கே எலான்கூர் குன்றின்மேல் நடந்த ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில், முன்னணியில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் பாதிப் பந்தயத்தில் காற்றிழந்துவிட, அதை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் ஒன்பதாவது ஸ்தானத்துக்குத் தள்ளப்பட்ட அவர், இழந்த சுமார் 40 விநாடிகளைச் சிறுகச் சிறுக மீட்டு, கடைசிச் சுற்றில் ஒரு மரத்தருகே பிரான்ஸ் தேசத்து விக்டர் கொரெட்ஸ்கியை உரசிக்கொண்டே முந்திச் சென்று, 9 விநாடி வித்தியாசத்தில் தங்கப் பதக்கத்தைக் கைப்பற்றினார். அவருடைய மனோதிடத்தை உலகம் புகழ்ந்தது, புகழ வேண்டியதுதான். ஆயினும் பந்தயத்தின் ஆரவாரம் அடங்கிய பிறகு சாவதானமாக யோசித்துப் பார்க்கிறவர்களுக்கு, அந்த வீரரின் மனோதிடத்தைக் காட்டிலும் அந்த டயருக்கு நேர்ந்த கதியே அதிக விசாரணைக்கு உரியதாகத் தோன்றும். ஏனெனில், முந்தின நாள் நடந்த பெண்கள் பந்தயத்திலும் நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸே இரண்டாவதாக வந்துகொண்டிருந்த சமயத்தில் அதே குன்றில் அவருடைய டயரும் பஞ்சராகி, கைக்கெட்டிய பதக்கம் நழுவி, நான்காவது ஸ்தானத்தோடு திருப்தியடைய நேர்ந்தது.

231 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்று பாரிஸைச் சூழ்ந்த பிராந்தியத்திலேயே மிக உயர்ந்த இடம். ஒரு காலத்தில் மணற்கல் வெட்டியெடுத்த குழியாக இருந்து, பிறகு கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பியதால் மேடாக எழும்பியது. அதன்மேல் போட்டிக்கென்று வகுத்த பாதை பெரும்பாலும் இறுகிய தரை, அதன்மேல் உதிரிச் சரளைக்கல். இத்தகைய பாதையில் டயர் தேய்வதற்கு அவகாசம் இல்லை. அறுபடுவதற்கே சந்தர்ப்பம் அதிகம். தரை இறுக்கமாக இருப்பதால் வேகம் கிடைக்கிறது. வேகம் கிடைப்பதால் பந்தயக்காரர்கள் குட்டையான பட்டன்களும் (தரையைக் கடிக்கும் ரப்பர் முளைகள்) மெல்லிய உள்துணியும் கொண்ட இலேசான டயரை நாடுகிறார்கள். நாடிய அந்த மென்மையையே கூர்மையான சரளை தேடிப்பிடித்துக் குத்துகிறது. இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவது சுலபம். என் அபிப்பிராயத்தில் அது தெரிந்தே வைத்த பந்தயப் பணம். பல தடவை வெல்லும், சில தடவை தோற்கும்.

ஒரு மலை சைக்கிள் டயரில் கவனிக்க வேண்டியவை மூன்று: ரப்பரின் மென்மை, பட்டன்களின் உயரமும் இடைவெளியும், உள்ளிருக்கும் நைலான் துணியின் கனம். ரப்பர் ஒரு பாறைமேல் அழுந்தும்போது அதன் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்துகொண்டு, தன் பழைய வடிவத்துக்குத் திரும்பச் சற்றே தாமதிக்கிறது. அந்தத் தாமதத்திலிருந்துதான் பிடிமானத்தின் பெரும்பகுதி பிறக்கிறது. அந்தத் தாமதத்திலேயே, மிதிப்பவரின் சக்தியில் ஒரு பாகம் உஷ்ணமாக மாறி நஷ்டமாகியும் விடுகிறது. ஆகவே பிடிமானத்தையும் சுலபமான ஓட்டத்தையும் ஒரே ரப்பரிடம் பூரணமாக எதிர்பார்ப்பது நியாயமன்று. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் 42 என்று வரும் மென்மையான ரப்பர் ஈரக் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் விரைவில் கரையும். 60-க்கு மேற்பட்டது வெகுகாலம் உழைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க எண்ணிய மாக்ஸிஸ் முதலிய கம்பெனிகள், அடியில் கடின ரப்பரும், மேலே நடுவில் சற்று மென்மையானதும், வளைவில் சாயும்போது தரையைத் தொடும் ஓரப் பட்டன்களில் மிக மென்மையானதுமாக மூன்று விதத்தை ஒரே டயரில் சேர்த்து வார்க்கிறார்கள். சாமர்த்தியமான ஏற்பாடுதான்; எனினும் அது சமரசமே.

இந்த விளையாட்டு ஆரம்பித்த நாளில் இத்தகைய ஆராய்ச்சி எதுவும் இல்லை. 1976-ல் கலிபோர்னியாவின் மரீன் மாவட்டத்தில், காட்டுத்தீ அணைப்போருக்காக வெட்டிய ஒரு மண் பாதையில், சுமார் இரண்டு மைலுக்குள் 1,300 அடி இறங்கும் சரிவிலே, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களை உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தபோது, அவற்றில் இருந்தவை 1930-களில் பையன்கள் ஓட்டுவதற்கென்று செய்யத் தொடங்கிய, 2.125 அங்குல அகலமுள்ள பருத்த பலூன் டயர்கள்தாம். அந்த வறண்ட சரிவில் பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துபோகவே, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டியிருந்தது என்பது பிரசித்தம். டயர் தேய்ந்த கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

தரையின் ஸ்வபாவத்துக்கு ஏற்ப டயரின் ஆயுள் எவ்வளவு மாறும் என்பதை அறிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப் நகரத்துப் பாறைப் பாதையைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1969-ல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறிக்கப்பட்ட அந்தப் பாதை, சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணல் மேடுகளாக இருந்து, பின்பு இறுகிக் கல்லான நவாஹோ மணற்கல்லின்மேல் ஓடுகிறது. கல் முழுவதும் மணல் துகள். துகள் ஒவ்வொன்றும் ரப்பரைப் பற்றுகிறது. வேறு எங்கேயாவது ஏற முயன்றால் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடக்கூடிய செங்குத்தான ஏற்றங்களில்கூட, காலில் வலு இருந்தால் மோவாபில் ஏறிவிடலாம். அவ்வளவு தாராளமாகப் பிடிமானத்தை அளிக்கும் அந்தக் கல், அதற்கு உரிய கிரயத்தைப் பின்டயரின் நடுப் பட்டன்களிலிருந்து தயங்காமல் வசூலித்துக்கொள்கிறது. இங்கே உயரமான பட்டன்களால் பிரயோஜனம் இல்லை என்பது மாத்திரமல்ல. அவை பாரத்தில் ஒருபக்கமாக மடங்கி, வண்டியை அலையவைத்து, அடிவேரில் கிழியவும் தொடங்கும். பாதி தேய்ந்த டயர் புதிய டயரைவிட ஸ்திரமாகவும் சுலபமாகவும் ஓடுகிற விசித்திரத்தை இத்தகைய கெட்டித் தரையில்தான் காண முடியும். தேய்மானம் எல்லாம் நஷ்டம் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

அதே பாதி தேய்ந்த டயரைக் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா காடுகளுக்குக் கொண்டுபோனால் சமாசாரம் தலைகீழாகிவிடும். அங்கே உதிர்ந்த இலைகளும் மக்கிய மரமும் சேர்ந்த கரிய பஞ்சு மண்ணில், பட்டன் ஆழமாக இறங்கினால்தான் பிடி. ஆனால் அந்த மண்ணுக்குக் குறுக்கே கிடக்கும் நனைந்த வேர்கள் இருக்கின்றனவே, அவற்றில் எந்தப் பட்டனும் இறங்காது. அங்கே காப்பாற்றுவது ரப்பரின் மென்மையும் குறைந்த காற்றும் ஓட்டுகிறவரின் நிதானமும்தான். களிமண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் பட்டன்கள் நெருங்கியிருந்தால் இடைவெளிகளில் சேறு அப்பி, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். அகன்ற இடைவெளியும் நீண்ட முனைகளும் கொண்ட சேற்று டயரைச் சரிவுப் பந்தயக்காரர்கள், பாதையில் கல்லும் கலந்திருந்தால், கத்தரியால் முனைகளை வெட்டிக் குட்டையாக்கி ஓட்டுவதுண்டு.

ஒரே பாதை ஒரே இரவில் வேறு பாதையாகிவிடும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் சாட்சி. 2021 ஜூலை 26-ம் தேதி இஸு மலைப்பாதையில் ஆண்கள் வறண்ட தரையில் ஓடினார்கள். அங்கேயும் பிட்காக்தான் வென்றார். அன்றிரவு சூறாவளியின் பக்கவாட்டில் வந்த மழை பெய்து தீர்த்ததால், மறுநாள் பெண்கள் பந்தயத்துக்குள் பாதையின் சில பகுதிகளை மாற்றியமைக்கும்படியாயிற்று. பாறைகள் வழுக்கின, மண் குழைந்தது. முந்தின நாள் பந்தயத்தைப் பார்த்து டயரை நிர்ணயித்தவர்கள் எல்லாம் காலையில் மறுபடியும் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். ஜோலண்டா நெஃப் முதலாவதாகவும், அவர் பின்னே இன்னும் இரண்டு ஸ்விட்ஸர்லாந்து வீராங்கனைகளுமாக மூன்று பதக்கங்களும் ஒரே தேசத்துக்குச் சென்றன.

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் சரிவு, தேய்மானத்தைவிடக் கொடிய ஒரு பரீக்ஷையை வைக்கிறது. சுமார் 2.8 கிலோமீட்டரில் 550 மீட்டருக்குமேல் இறங்கும் அந்தப் பாதையில், பெருங்கற்களின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே டயர் நசுங்குகிறது. டியூப் போட்ட காலத்தில் இந்த நசுக்கலால் டியூபில் பாம்பு கடித்தாற்போல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் விழும். 1999-ல் மாவிக் முதலிய பிரெஞ்சுக் கம்பெனிகள் டியூப் இல்லாத முறையை மலை சைக்கிளுக்குக் கொண்டுவந்தன. பின்பு உள்ளே கொஞ்சம் ரப்பர் பாலை ஊற்றி, முள் துளைத்தால் அந்தப் பால் தானாகவே உறைந்து அடைத்துக்கொள்ளும் உபாயமும் பரவியது. முன்பு சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அடித்தவர்கள் இப்போது 20-க்கும் 28-க்கும் இடையே ஓட்டுகிறார்கள். அதனால் டயர் தரையோடு படிகிறது, வழுக்கல் குறைகிறது. ஆனால் குறைந்த காற்று துணியின் கனத்தைக் கேட்கிறது. குறுக்குநாட்டுப் பந்தயத்தில் 600, 700 கிராமுக்குள் இருக்கும் டயர் சரிவுப் பந்தயத்தில் 1,200 கிராமையும் தாண்டுவதற்கு இதுவே காரணம். அப்படியும் போதவில்லை என்பதை 2014-ல் ஆஸ்திரியாவின் லியோகாங் சரிவில் உலகம் பார்த்தது. அமெரிக்க வீரர் ஆரன் க்வின், பின்டயர் பஞ்சராகிக் கழன்று போன பிறகும், வெறும் ரிம்மின்மேலேயே கடைசிவரை இறங்கி வந்தார். அடுத்த ஆண்டு அதே சரிவில் ஆரம்பத்திலேயே சங்கிலி அறுந்தும் அவர் முதலாவதாக வந்தது வேறு கதை. டயர் இருந்தால் சங்கிலி இல்லாமலும் ஜெயிக்கலாம் என்று யாராவது வேடிக்கையாகச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

தேய்ந்த டயரை உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, அது எந்தத் தரையில் எவ்விதம் ஓட்டப்பட்டது என்பது விளங்கிவிடும். மிதிக்கும் பலமும் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியும் பின்சக்கரத்தின்மேல் இறங்குவதாலும், பிரேக்கில் பூட்டிக்கொண்டு இழுபடுவதும் அதுவே ஆகையாலும், நடுப் பட்டன்கள் அங்கே முதலில் மழுங்குகின்றன. ஓரப் பட்டன்கள் அடியில் வெடித்திருந்தால் பாறையில் பலமாகச் சாய்ந்து திரும்பியதாக அர்த்தம். நடு மட்டும் சீராகத் தட்டையாகியிருந்தால், காட்டுக்குப் போவதற்காகத் தார்ச்சாலையிலேயே வெகுதூரம் ஓட்டியதாக அர்த்தம். தார்ச்சாலை மென்மையான ரப்பருக்குப் பரம சத்துரு. பட்டனின் உயரம் குறைவதற்கு வெகுகாலம் முன்பே அதன் விளிம்பின் கூர்மை போய்விடுகிறது என்பதையும், உதிரி மண்ணில் கடித்துப் பிடிப்பது அந்த விளிம்பே என்பதையும் மறந்து, மொட்டையாகும் வரை காத்திருப்பவர்கள், டயரை மிச்சப்படுத்தி முழங்கையைச் செலவழிக்கிறார்கள்.

பின்சக்கரம் வழுக்கினால் உடம்பை அசைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் தரைதான். ஆதலால் புதிய, மென்மையான டயரை முன்னால் மாட்டி, சற்றுக் கடினமானதும் கனத்த துணி உடையதுமானதைப் பின்னால் மாட்டுவதே சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு உசிதம். பின்டயர் தீர்ந்ததும் முன்னதைப் பின்னுக்கு மாற்றி, முன்னுக்கு எப்போதும் புதியதையே வாங்க வேண்டும். காசை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் பழையதை முன்னுக்குக் கொண்டுவருவது எந்த மண்ணிலும் தகாது. பிட்காக் மாட்டியதையே நானும் மாட்டுவேன் என்று புறப்படுகிறவருக்கு, சக்கரத்தோடு காத்திருக்கும் மெக்கானிக் ஒருவரும் பாதையோரத்தில் வேண்டுமே!

அன்றியும், முன்னணி வீரர்கள் உண்மையில் எதை மாட்டுகிறார்கள் என்பதை அறிவதும் அவ்வளவு சுலபமன்று. ஆதரவளிக்கும் கம்பெனியின் டயர் அன்றைய மண்ணுக்குப் பொருந்தாதபோது வேறொரு கம்பெனியின் டயரை மாட்டி, பக்கவாட்டில் உள்ள பெயரைக் கறுப்பு மையால் பூசி மறைத்துவிடும் வழக்கம் சரிவுப் பந்தயங்களில் பல வருஷங்களாக இருந்து வருகிறது. புகைப்படக்காரர்களோ பட்டன்களின் அமைப்பைப் பார்த்தே இன்ன கம்பெனியின் இன்ன டயர் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பந்தய முடிவுப் பட்டியலில் வீரரின் பெயருக்கும் நேரத்துக்கும் பக்கத்தில், முன்னும் பின்னும் மாட்டிய டயரையும் அதில் அடித்த காற்றின் அளவையும் அச்சிட வேண்டும் என்று யாராவது சங்கத்தாருக்கு விண்ணப்பம் போட்டால், அதில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.