பெயரும் பேரேடும்

பெயர், காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் இருவகைப்படும் என்பது தமிழ் இலக்கணம் கற்றார் யாவரும் அறிந்ததே. மக்கட்பெயரைப் பொறுத்தவரை, நாட்டுப்புறத் தமிழர் காரணமற்ற பெயர் ஒன்றை அறியார் எனலாம். முன் பிறந்த குழவிகள் இறந்துபட்டால், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் 'குப்பன்' என்றனர். பிறரிடம் ஏந்திப் பெற்றதாகக் கொண்டு 'பிச்சை' என்றனர். ஊர்க்காவல் தெய்வத்தை நினைந்து 'கருப்பன்' என்றும் 'முனியாண்டி' என்றும் வழங்கினர். பெயரன் என்னும் சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளது. இத்தகைய பெயர்கள் கடல் கடந்து மலாயாவுக்குச் சென்றபோது அவற்றுக்கு நேர்ந்தது யாது என்பது ஆராயத்தக்கது.

ஈப்போவுக்குத் தெற்கே, பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்த கோப்பெங் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஊராகும். ஈயச் சுரங்கத்தால் தோன்றிய அவ்வூரைச் சூழ்ந்து பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் மலாயாவில் ஒழிக்கப்பட்ட பின், கங்காணி வழியே ஆள் திரட்டுவது பெருவழக்காயிற்று. 1938-இல் இந்திய அரசு அதனை நிறுத்தும்வரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் தமிழரைச் சுமந்து சென்றன. கப்பலேறு முன்னரே ஒருமுறை பெயர் எழுதப்பட்டது. தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்கும்போது மறுமுறை எழுதப்பட்டது. பிள்ளை பிறந்தால் பதிவு நிலையத்தில் மூன்றாம் முறை எழுதப்பட்டது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். சொன்னவருக்கோ எழுதியதைப் படிக்கத் தெரியாது.

எழுதியவர் எல்லாரும் அயலார் என்று கொள்வதும் பொருந்தாது. தோட்டத்துக் கிராணிமாருள் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பலர். அவர்கள் பெயரின் பொருளை அறியாதவர் அல்லர். எனினும் அவர்கள் கையில் இருந்தது ஆங்கில நெடுங்கணக்கு. அதில் லகர, ளகர, ழகரங்களுக்கு எழுத்து ஒன்றே; நகர, னகர, ணகரங்களுக்கும் ஒன்றே. அண்ணன் சின்னசாமிக்கு 'எஸ்' முதலெழுத்தாகவும் தம்பி சின்னையாவுக்குச் 'சி' முதலெழுத்தாகவும் அமையும். பேச்சு வழக்கில் 'லெட்சுமி' என ஒலித்தது அவ்வாறே எழுத்தில் நிலைத்து, பேத்திக்கும் அதுவே சட்டப்படியான பெயராகும்.

இவையெல்லாம் எழுத்துப் பிழைகளே, இவற்றைப் பெரிதுபடுத்துவதேன் என்று வினவுவார் உளர். அவர் கூற்று ஓரளவே ஏற்கத்தக்கது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1948-ஆம் ஆண்டில் மலாயாவில் அடையாள அட்டை வந்தது. 1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது. 1957-இல் விடுதலை வந்தபோது குடியுரிமை என்பது தாளைக் காட்டிப் பெறவேண்டிய பொருளாயிற்று. அதுகாறும் தோட்டத்துப் பேரேட்டுக்குள் அடங்கிக் கிடந்த பிழை அப்பொழுது வெளியே வந்து வழிமறித்தது. தந்தையின் அட்டையில் ஓர் எழுத்து, மகனின் பிறப்புப் பத்திரத்தில் வேறோர் எழுத்து என்றால், இவன் அவனுக்கு மகன் என்பதை யார் மெய்ப்பிப்பது? உண்மைப் பெயரைச் சொன்னால் தாள் பொய்யாகும். தாளில் உள்ளதைச் சொன்னால் பெயர் பொய்யாகும். இந்நிலையில் குடும்பங்கள் தாளின் பக்கமே சாய்ந்தன. வற்புறுத்தல் என்பது எப்போதும் ஆணையாகவே வருவதில்லை. வரிசையில் நிற்பவனின் அச்சமாகவும் வரும்.

பெயரின் அமைப்பும் மாறியது. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே வைப்பர். பதிவேட்டிலோ தன் பெயர் முன்னும் தந்தை பெயர் பின்னும் நின்றன. இடையே ஆங்கிலேயர் காலத்தில் 'இன்னாரின் மகன்' எனப் பொருள்படும் ஆங்கிலக் குறியும், பின்னர் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கக் குறியும் இடம்பெற்றன. மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலர் மட்டும் ரெ. கார்த்திகேசு, மா. இராமையா, சை. பீர்முகம்மது எனத் தலைப்பெழுத்தோடு எழுதி வந்தமை கருதத்தக்கது. அட்டையில் ஒரு பெயரும் அச்சில் ஒரு பெயருமாக இருவாழ்வு வாழ்ந்து, பழைய மரபை இலக்கியம் காத்தது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க காட்சி ஒன்று கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் இன்றும் நிற்கிறது. அது முற்றுப்பெறாத கெல்லி மாளிகை. அதனை எழுப்பிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரில் இறந்தார். பரவலாக வழங்கும் ஸ்மித் என்னும் பெயரோடு தாயின் குடிப்பெயரான கெல்லியையும் சேர்த்து விளங்கியவர் அவர். தம் தோட்டத்துக்குக் 'கிந்தா கெல்லாஸ்' என ஸ்காத்லாந்து ஊர்ப்பெயரையே சூட்டினார். துரை தம் பெயரைத் தாமே அமைத்துக்கொண்டு நிலத்துக்கும் ஊர்ப்பெயர் இட்டார். அந்நிலத்தில் உழைத்த தமிழனுக்கோ தன் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தவும் உரிமையில்லை. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலில், தெய்வ உருவங்களுக்கிடையே துரையைக் குறிப்பதாகச் சொல்லப்படும் உருவம் ஒன்று உண்டு. தொழிலாளர் அவரை மறக்கவில்லை. அவர்தம் பெயர்களைக் காட்டும் கல் ஏதும் மாளிகையில் இல்லை.

தமிழர்க்கு மட்டுமே இந்நிலை நேர்ந்தது என்று கூறுதல் நடுநிலையாகாது. கோப்பெங்கில் 1879-இல் மருந்துக்கடை தொடங்கிய சீனக் குடும்பத்தின் குடிப்பெயர் 'யூ' எனப் பதிவாயிற்று. அதே சீன எழுத்தைத் தாங்கிய வேறு குடும்பங்கள் 'யீ' என்றும் பிறவாறும் எழுதப்பட்டன. எனினும் சீனர்க்குத் தம் எழுத்து என்னும் அரண் இருந்தது. உரோம எழுத்து எவ்வாறு திரிந்தாலும் கல்லறையில் மூல எழுத்தைப் பொறித்தனர். சுமத்திராவிலிருந்து அங்கே குடியேறிய மண்டைலிங் மக்கள் காலப்போக்கில் மலாய்க்காரராகவே எண்ணப்பட்டனர். லூபிஸ், நாசுத்தியோன் போன்ற குலப்பெயர்களை அவர்களுள் பலர் கைவிட்டனர். ஒருவர் பிழையாக எழுதப்பட்டார்; மற்றொருவர் பெரிய இனமொன்றில் கரைந்தார். கருவி ஒன்றே, அது கணக்கேடு.

அயல்நாடுகளில் ஆணையாலேயே பெயர் மாற்றப்பட்டதும் உண்டு. சப்பானிய ஆட்சி 1940-இல் கொரியரைச் சப்பானிய முறைக் குடிப்பெயர் கொள்ளச் செய்தது. இந்தோனேசிய அரசு 1966-இல் சீனக் குடிமக்கள் பெயர் மாற்றிக்கொள்ள வழிவகுத்து வற்புறுத்தியது. பல்கேரியா 1984-85-இல் துருக்கியர்மீது பல்கேரியப் பெயர்களைத் திணித்தது. அமெரிக்காவிலோ எல்லிஸ் தீவு அதிகாரிகள் குடியேறியோரின் பெயர்களை மாற்றினர் என்பது ஆதாரமற்ற கதை; அங்கே மாற்றிக்கொண்டவர் பெரும்பாலும் குடியேறியவரே. மலேசியத் தமிழர் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

பழைய பேரேடுகளோடு இச்சிக்கல் முடிந்துவிடவும் இல்லை. மலேசியத் தேசியப் பதிவுத் துறை 2006-இல் விரும்பத்தகாத பெயர்களுக்குப் பட்டியல் வகுத்தது. விலங்கு, பூச்சி, பழம், காய், நிறம் ஆகியவற்றின் பெயரைக் குழந்தைக்கு இடலாகாது என்றனர். பிள்ளைகளை இழிபெயரினின்று காப்பதே நோக்கம் என்பதில் ஐயமில்லை, நோக்கம் நன்றே. ஆயினும் நிறத்தைக் கொண்டு அளந்தால் கருப்பனும் வெள்ளையம்மாளும் தள்ளப்படுவர். விலங்கைக் கொண்டு அளந்தால் நாகம்மாளும் தேறாள். ஒரு மொழியில் நிறமாக நிற்பது மற்றொரு மொழியில் தெய்வமாக நிற்கும் என்பதை அத்தகைய பட்டியல் காணாது.

பட்டியலைக் குறைகூறுவோர் தம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். குப்பனையும் கருப்பாயியையும் பள்ளியில் முதலில் நகைத்தவர் தமிழ்ப் பிள்ளைகளே. 'தோட்டத்துப் பெயர்' என்று அவற்றை ஒதுக்கி, பொருள் தெரியாத ஒலிக்கோவைகளைத் தேடிச் செல்லும் பெற்றோரும் தமிழரே. சாவினின்று பிள்ளையைக் காக்கத் தாய் இட்ட காப்பு அப்பெயர் என்பது அவர்க்கு எடுத்துரைக்கப்படவில்லை.

அங்ஙனமாயின் பெயர் மாற்றமே தகாததோ எனின், அன்று. வேதாசலம் மறைமலையடிகளானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயா சென்றார்; அவர் தொடங்கிய இயக்கத்தால் அங்கும் பலர் சாதிப் பட்டத்தைத் துறந்தனர். அம்மாற்றங்கள் மாற்றியவரை உயர்த்தின. காரணம் யாதெனின், பொருளறிந்து, தாமே முனைந்து அவர்கள் மாற்றினர். பெயரை மாற்றிய கை யாருடையது என்பதே உரைகல். தன் கையால் மாறிய பெயர் உரிமை. பிறர் கையால் மாறிய பெயர், ஓர் எழுத்தேயாயினும், இழப்பு.

கோப்பெங்கைச் சூழ்ந்த ஈயத்தொழில் மறைந்தது. பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிந்தன. அங்கு வாழ்ந்தவர்க்கு எஞ்சியிருப்பவை மஞ்சளேறிய தாள்களும் அவற்றில் பிழைபட்ட பெயர்களுமே. ஆகவே தாத்தா பாட்டியர் பெயர்களை அவர்கள் சொன்னவாறே, தலைப்பெழுத்துடன், தமிழில் எழுதிவைப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கடமையாகும். சங்கப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்தபோது, தொகுத்தோர் அவர் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அவருக்குப் பெயர் தந்தனர். பாட்டு விட்டுச்சென்றவர்க்கு அது வாய்த்தது. பால் வெட்டி மறைந்தவர்க்கு, பேரப்பிள்ளைகள் எழுதி வைத்தாலன்றி வேறு பெயர் இல்லை.